அடியார் சொன்னதும் அடியாரைப் பற்றிச் சொன்னதும்

காக்களூர்த் தொழிற்பேட்டையையும் திருவள்ளூர் நகரையும் கடந்து, திருத்தணி நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் சுமையுந்துகளின் இரைச்சலுக்கு நடுவே திருப்பாச்சூரை அடைவர். தொண்டை நாட்டின் தொன்மையான சிவத்தலங்களுள் ஒன்று அது. 'பாசு' என்பது மூங்கில்; மூங்கில் அடர்ந்த காடாக இருந்தமையால் பாசூர் எனப் பெயர் பெற்றது என்பர். மேய்ச்சலுக்குச் சென்ற பசுவொன்று அம்மூங்கிற் புதரில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நாள்தோறும் தானே பால் சொரிந்ததாகவும், அவ்விடத்தை 'வாசி' என்னும் வெட்டுக்கருவியால் அகழ்ந்தபோது உள்ளிருந்த லிங்கத்தின்மீது கருவி பட்டதாகவும், அதனாலேயே இறைவனுக்கு வாசீசுவரர் என்னும் பெயர் வந்ததாகவும் தலபுராணம் கூறுகிறது. கரிகால் சோழன் குறும்பர் தலைவனோடு பொருத காலத்தில், பகைவர் குடத்திலிட்டு அனுப்பிய பாம்பைச் சிவபெருமானே பாம்பாட்டியாக வந்து பிடித்து மன்னனைக் காத்தார் என்று மற்றொரு கதையும் அவ்வூரில் வழங்குகிறது.

இத்தலத்தைத் திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தாலும் திருநாவுக்கரசர் இரண்டு பதிகங்களாலும் பாடியுள்ளனர். இருவரும் 7ஆம் நூற்றாண்டினர். பாடல்கள் அவர்கள் சொன்னவை. அவர்களைப் பற்றிய கதைகள் பிறர் சொன்னவை. இவ்விரண்டுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியில் என்ன நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். இறைநேசர்களின் வரலாறும் கராமத்துகளும் நம் வீடுகளிலும் மௌலிது மஜ்லிஸுகளிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவதால், இக்கேள்வி நமக்கும் அயலானதன்று.

அப்பரும் சம்பந்தரும் பாடிய அதே நூற்றாண்டில், உலகின் மேற்குக் கோடியிலும் அடியார் வரலாறுகள் உருவாகிக் கொண்டிருந்தன. அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள், கார்ன்வால், பிரெஞ்சு நாட்டின் பிரித்தானி ஆகிய நிலங்களில் 5ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த துறவியரை இன்று 'கெல்டிக் புனிதர்கள்' என்று அழைக்கின்றனர். அவர்கள் தம்மை அப்பெயரால் அறிந்ததில்லை. அம்மொழிகளெல்லாம் ஒரே இனத்தவை எனக் கண்டு 'கெல்டிக்' என்று பெயரிடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வேரூன்றியது. தமிழகத்து அடியார்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பு எதுவும் இருந்ததில்லை. தொடர்பில்லாத இரு நிலங்களில் கதைகள் ஒரே முறையில் வளர்ந்திருந்தால், அந்த வளர்ச்சிக்கு ஓர் இயல்பு உண்டென்று கொள்ள இடமுண்டு. ஒப்பீட்டின் பயன் அதுவே.

அயர்லாந்தின் புனிதர் பாட்ரிக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் இலத்தீனில் எழுதிய இரண்டு ஆவணங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. ஒன்று தம்மைப் பற்றிய வாக்குமூலம். மற்றொன்று கொரோட்டிகஸ் என்னும் தலைவனின் படைவீரர்களுக்கு எழுதிய கண்டன மடல். ஏறத்தாழ பதினாறு வயதில் பிரித்தானியாவிலிருந்து கொள்ளையரால் கடத்தப்பட்டு, அயர்லாந்தில் ஆறாண்டுகள் அடிமையாக மந்தை மேய்த்ததையும், தப்பி ஓடிக் கப்பலேறியதையும், கனவில் அம்மக்களின் அழைப்பைக் கேட்டு அதே நாட்டுக்குத் திரும்பியதையும் வாக்குமூலத்தில் அவர் கூறுகிறார். தமக்குக் கல்வி குறைவு என்பதற்காக வெட்கப்படுகிறார். தம்மீது மூத்தோர் சாட்டிய குற்றச்சாட்டினால் மனம் புண்படுகிறார். மடலிலோ, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களைக் கொன்றும் அடிமைகளாக்கியும் கொண்டுசென்ற வீரர்மீது சினம் பொங்கப் பேசுகிறார். அடிமைத்தளையை நேரில் அனுபவித்த ஒருவரின் குரல் என்பதில் ஐயமில்லை. கனவுகளும் இறையருளும் அவ்வெழுத்தில் நிறைய உண்டு. பாம்புகள் இல்லை, மந்திரவாதிகளோடு நடத்திய போட்டிகளும் இல்லை.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 7ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூர்கு என்பவர் பாட்ரிக்கின் வரலாற்றை எழுதினார். அதில் பாட்ரிக் தாரா அரசவையில் மந்திரவாதிகளான துரூயித்துகளை எதிர்கொண்டு, நெருப்பாலும் இருளாலும் வெல்கிறார். மந்தை மேய்த்த அடிமையின் தயக்கம் மறைந்து, அரசரை அச்சுறுத்தும் வீரர் தோன்றுகிறார். ஆர்மா என்னும் திருச்சபை, அயர்லாந்து முழுமைக்கும் தலைமை தனக்கே உரியது என்று வாதிட்ட காலம் அது. வாதத்திற்கு வலுச்சேர்க்க அப்படிப்பட்ட ஒரு நிறுவனர் தேவைப்பட்டார். பாம்புகள் மேலும் ஐந்நூறு ஆண்டுகள் காத்திருந்தன. 1185ஐ ஒட்டி ஜோசலின் என்னும் துறவி எழுதிய வரலாற்றில்தான் பாட்ரிக் பாம்புகளைக் கடலுக்கு விரட்டும் கதை முழுவடிவம் பெறுகிறது. அல்ஸ்டரை 1177இல் வென்ற நார்மன் தளபதி ஜான் த கூர்சி அந்நூலுக்கு ஆதரவளித்தவர்களுள் ஒருவர். வெற்றி கொண்ட நிலத்தின் புனிதரைத் தன்வசப்படுத்துவதும் வெற்றியின் ஒரு பகுதியே.

அயர்லாந்தில் பாம்பில்லை என்பது பாட்ரிக் பிறப்பதற்கு முன்பே உரோமானியருக்குத் தெரியும். 3ஆம் நூற்றாண்டின் சொலினஸ் அதனை எழுதி வைத்திருக்கிறார். பனியூழிக்குப் பின் கடல் அத்தீவைப் பிரித்துவிட்டமையால் பாம்பு அங்கு சென்று சேரவே இல்லை. ஜோசலினின் சமகாலத்தவரான வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, அந்நாட்டில் தொடக்கத்திலிருந்தே நச்சுயிர்கள் இருந்திருக்க மாட்டா என்று கருதி இக்கதையை ஏற்கத் தயங்கினார். இடைக்காலத்து மக்கள் எதையும் நம்பிவிடுவர் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். திருப்பாச்சூரிலிருந்து இன்னும் மேற்கே சென்றால் திருவாலங்காடு. சிவனின் ஐந்து அம்பலங்களுள் இரத்தின சபை எனப்படுவது அது. நாகைக் கடற்கரையை அடுத்த காரைக்காலில் பிறந்த ஓர் அம்மையாரின் பெயர் அவ்வூரோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளது. காரைக்கால் அம்மையார் 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அற்புதத் திருவந்தாதி, திருஇரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியன அவர் பாடியவை. தேவாரப் பதிகங்களுக்கு முற்பட்டமையால் அப்பதிகங்கள் 'மூத்த' என்னும் அடைமொழி பெற்றன.

அப்பாடல்களில் அம்மையார் தம்மைப் பற்றிக் கூறுவன மிகச் சில. பிறந்து பேசக் கற்ற நாள் முதலாகவே தம் அன்பு இறைவன்பால் சென்றது என்கிறார். பதிகங்களில் அவர் காட்டுவது சுடுகாடு. வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணும் கொண்ட பேய்மகள், எரியும் பிணம், ஓலமிடும் நரி, அவற்றின் நடுவே ஆடும் இறைவன். இறுதியில் தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே கையொப்பமிடுகிறார். கணவர் யார், மணவாழ்வு எத்தகையது, ஏன் பேயென்று தம்மை அழைத்துக்கொண்டார் என்பன பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. தமிழில் ஒரு பெண் தன் உடலைப் பற்றி இவ்வளவு அஞ்சாமல், அழகின் இலக்கணங்களையெல்லாம் தலைகீழாக்கிப் பாடியது அதற்கு முன் இல்லை. நானறிந்தவரை, பின்னும் நெடுங்காலம் இல்லை.

அவரைப் பற்றிப் பிறர் கூறியவை அடுக்கடுக்காக வளர்ந்ததைக் காணலாம். 8ஆம் நூற்றாண்டில் அடியார்களின் பெயர்களைத் தொகுத்த சுந்தரர், அவரைப் 'பேயார்' என்னும் ஒரே சொல்லால் குறித்துச் செல்கிறார். அதன்பின் நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு செய்யுளை ஒதுக்குகிறார். கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தேறினார் என்பதும், இறைவன் அவரை 'அம்மை' என்று அழைத்தான் என்பதும் அச்செய்யுளில்தான் நாம் அறிகிறோம். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133-1150), தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் 66 பாடல்களில் அம்மையாரின் முழு வரலாற்றையும் பாடினார். ஒரு சொல், ஒரு செய்யுள், அறுபத்தாறு பாடல்.

பெரியபுராணத்தின் வழியாகவே புனிதவதி என்னும் பெயரும், வணிகர் தலைவர் தனதத்தனின் மகள் என்பதும், பரமதத்தன் என்னும் கணவனும் தமிழுலகிற்கு நன்கு அறிமுகமாயின. கதை யாவரும் அறிந்ததே. கணவன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்குப் புனிதவதி இட்டுவிடுகிறார். உணவுக்கு வந்த கணவன் ஒன்றை உண்டு மற்றதையும் கேட்க, அவர் இறைவனை வேண்டுகிறார். கையில் ஒரு கனி வருகிறது. அதன் சுவை வேறாக இருந்தமையால் ஐயுற்ற கணவன் உண்மையறிந்து அஞ்சிக் கப்பலேறிப் போய்விடுகிறான். பாண்டி நாட்டில் வேறு மணம் புரிந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். உறவினர் அம்மையாரை அவனிடம் அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு அவர் காலில் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டா என்று அம்மையார் ஊனுடம்பை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெறுகிறார்.

பாட்டுக்கும் புராணத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது. பாடல்களில் பேய் என்பது அவர் தாமே தேர்ந்துகொண்ட இடம். புராணத்தில் அதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. அக்காரணம் கணவன் விலகியது. குடும்பத்தை விட்டுச் சுடுகாட்டை நாடிய பெண்ணைச் சோழர் காலத்துச் சமூகம் விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அவர் முதலில் குற்றமற்ற இல்லாளாக இருந்தாக வேண்டும். விலகியவன் அவனாக இருக்க வேண்டும். சேக்கிழார் இதனைக் கற்பித்தார் என்று நான் கூறவில்லை. காரைக்காலில் வழங்கிய கதையை அவர் பெற்றிருக்கலாம். அவர் கைபட்டதும் கதை அழகும் ஒழுங்கும் பெற்றது. அம்மையாரின் முரட்டுக் குரல் அதன் அடியில் சற்றே அமுங்கியது.

சிற்பிகள் புராணத்துக்குக் காத்திருக்கவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. 967இல் நிறுவப்பட்ட கம்போடியாவின் பன்தியாய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனின் அருகே எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் பெண்ணுருவைக் காரைக்கால் அம்மையார் என ஆய்வாளர் பலர் அடையாளம் காண்கின்றனர். அவ்வாறாயின், பெரியபுராணத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னரே அவ்வுருவம் கடல் கடந்துவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் தாளமிட்டபடி இருப்பவரும் அவரே. அந்த உருவம் பதிகத்தின் உருவம். மாங்கனி அங்கு இல்லை.

மாங்கனிக் கதையை மட்டும் சற்று நின்று நோக்கவேண்டும். அயர்லாந்தில் கில்டேர் மடத்தின் தலைவியாகப் போற்றப்படும் புனித பிரிஜித்தின் வரலாற்றைக் கோகிடோசஸ் என்பவர் 7ஆம் நூற்றாண்டில் எழுதினார். அதன் தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சிறுமி பிரிஜித்தைத் தாய் வெண்ணெய் கடையப் பணிக்கிறாள். கடைந்த வெண்ணெயைச் சிறுமி ஏழைகளுக்கும் விருந்தினருக்கும் கொடுத்துவிடுகிறாள். கணக்குக் காட்டும் வேளை வந்ததும் இறைவனை வேண்ட, வெண்ணெய் மீண்டும் நிறைகிறது. இதே பிரிஜித் தம் ஈர மேலாடையைச் சூரியக் கதிரின்மேல் உலர்த்தியதாகவும் அந்நூல் கூறும். பிரிஜித் என்னும் பெயரிலேயே அங்கு முன்பு ஒரு பெண்தெய்வம் இருந்ததை 900ஐ ஒட்டிய ஓர் ஐரிய அகராதி குறிப்பிடுவதால், இவ்வடியார் வாழ்ந்தவரா என்று கேட்பவர்களும் உண்டு. 2023 முதல் அயர்லாந்து அரசு அவர் பெயரால் பொது விடுமுறை அளிக்கிறது.

இனிப் பஸராவுக்குச் செல்வோம். ராபியத்துல் அதவிய்யா (ரஹ்) ஹிஜ்ரி 185இல் (801) மறைந்தார் என்பர். பரீதுத்தீன் அத்தார், நானூறு ஆண்டுகளுக்குப் பின், இறைநேசர்களின் வரலாற்றுத் தொகுப்பில் இவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். பசித்த விருந்தினர் இருவர் வந்திருக்கின்றனர். வீட்டில் இருப்பன இரண்டே ரொட்டிகள். வாசலில் நின்ற இரவலருக்கு அவ்விரண்டையும் ராபியா கொடுத்துவிடுகிறார். சிறிது நேரத்தில் ஒரு பணிப்பெண் ரொட்டிகளைக் கொண்டுவருகிறாள். எண்ணிப் பார்த்தால் பதினெட்டு. கணக்குத் தவறு என்று திருப்பி அனுப்புகிறார். இருபதாகத் திரும்பி வந்தபின்னரே பெற்றுக்கொள்கிறார். ஒன்றுக்குப் பத்து என்பது இறைவனின் வாக்குறுதியன்றோ!

காரைக்கால், கில்டேர், பஸரா. மாங்கனி, வெண்ணெய், ரொட்டி. ஒன்றிலிருந்து ஒன்று கடன் பெறப்பட்டது என்று காட்டச் சான்றில்லை, காட்டவும் தேவையில்லை. பழைய சமூகங்களில் பெண்ணின் கைக்கு எட்டிய செல்வம் பெரும்பாலும் அடுக்களையில் இருந்ததே. அவள் தருமம் செய்ய விரும்பினால் வீட்டாருக்கு உரியதிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் கணக்கும் சொல்ல வேண்டும். அந்த இக்கட்டில் இறைவன் அவள் பக்கம் நிற்கிறான் என்று கதை தீர்ப்பு வழங்குகிறது. மூன்று நாடுகளிலும் இக்கதையை விரும்பிக் கேட்டுப் பாதுகாத்தோருள் பெண்களே மிகுதி என்று ஊகிப்பதில் தவறில்லை. ராபியாவின் கதையில் மட்டும் கணக்குக் கேட்கக் கணவனோ தாயோ இல்லை. கணக்குப் பார்ப்பவர் அவரே. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

இம்மூவருள் பிரிஜித் எழுதியதாக எதுவும் இல்லை. ராபியா (ரஹ்) சொன்னவையாகப் பல வழங்குகின்றன. அவர் தாமே எழுதிவைத்த நூல் இல்லை. அவரை முதலில் குறிப்பிடும் எழுத்துகளுள் ஒன்று, ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ் உடையது. அங்கு அவர் பஸராவின் பக்தியாளருள் ஒருவராகச் சுருக்கமாகவே வருகிறார். ராபியாவைப் பற்றிய செய்திகள் எவ்வாறு அடுக்கடுக்காகப் படிந்தன என்பதை ரகியா கார்னெல் 2019இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தம் சொந்தச் சொற்களோடு நம் முன் நிற்பவர் காரைக்கால் அம்மையார் ஒருவரே. அவருடைய பாடல்களில் மாங்கனி இல்லை.

கதைகள் பின்னால் வருகின்றன என்பதால் கதைசொன்னோர் அனைவரும் கவனமற்றவர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தின் மேற்கே அயோனா என்னும் சிறு தீவில் 563இல் மடம் நிறுவிய கொலும்பா 597இல் மறைந்தார். நூறாண்டுக்குப் பின் அம்மடத்தின் ஒன்பதாம் தலைவரான அடம்னான் அவர் வரலாற்றை எழுதினார். தீர்க்கதரிசனங்கள், அற்புதங்கள், வானவர் காட்சிகள் என மூன்று பகுதிகள் கொண்ட அந்நூலில், நெஸ் ஆற்றில் மனிதனைக் கொன்ற நீர்விலங்கைக் கொலும்பா ஒரு சைகையால் விரட்டும் நிகழ்ச்சியும் உண்டு. 1933க்குப் பின் செய்தித்தாள்கள் பரப்பிய ஏரி விலங்கின் பூர்வகதையாக இதனைக் காட்டி அங்குச் சுற்றுலா வளர்க்கின்றனர்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. நார்தம்பிரியா மன்னன் ஆஸ்வால்டு போருக்கு முன் கொலும்பாவைக் கனவில் கண்ட செய்தியைச் சொல்லிவிட்டு, அதனைத் தமக்குச் சொன்னவர் தமக்கு முந்திய மடத்தலைவர் ஃபெய்ல்பே என்றும், மன்னன் தன் வாயாலேயே மடத்தலைவர் செகேனிடம் கூறியபோது ஃபெய்ல்பே உடனிருந்து கேட்டார் என்றும் அடம்னான் பதிவு செய்கிறார். ஹதீஸ் கலையின் வாசனை அறிந்தவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை, இது இஸ்னாத். அறிவிப்பாளர் யார், யாரிடமிருந்து கேட்டார், நேரில் கேட்டாரா என்னும் வினாக்களுக்கு விடை சொல்லாமல் பெரிய செய்தியைக் கூறக் கூடாது என்ற உணர்வு, மதீனாவிலும் கூஃபாவிலும் அறிஞர்கள் அக்கலையை வளர்த்துக்கொண்டிருந்த அதே தலைமுறையில் அட்லாண்டிக் கடலின் ஒரு தீவிலும் இருந்திருக்கிறது. வேறுபாடும் உண்டு. அறிவிப்பாளர்களின் நேர்மை, நினைவாற்றல், வாழ்ந்த காலம் ஆகியவற்றை எடைபோடும் ரிஜால் கலையை முஸ்லிம் அறிஞர் தனித்துறையாகவே நிறுவினர். அடம்னானிடம் சங்கிலி உண்டு. சங்கிலியைச் சோதிக்கும் உரைகல் இல்லை.

அடம்னானுக்கும் இஸ்லாமிய உலகிற்கும் நேரான ஓர் இழையும் உண்டு. புயலில் திசைமாறி வந்த கால் நாட்டு ஆயர் ஆர்கல்ஃப் என்பவரிடம் கேட்டெழுதியதாக, புனிதத் தலங்களைப் பற்றிய நூலொன்றை 680களில் அவர் இயற்றினார். ஆர்கல்ஃபின் இருப்பையே ஐயுறும் ஆய்வாளரும் உளர். ஆயினும் ஜெருசலேமில், பழைய ஆலயம் நின்ற இடத்தின் இடிபாடுகள்மேல், பலகைகளாலும் பெரிய உத்தரங்களாலும் எளிமையாகக் கட்டப்பட்டு, 3000 பேர் கொள்ளத்தக்க நாற்கரமான தொழுகையிடம் இருந்ததை அந்நூல் கூறுகிறது. ஹிஜ்ரி 72இல் (691-692) குப்பத்துஸ் ஸக்ரா எழுவதற்கு முந்திய பைத்துல் முகத்தஸின் தோற்றத்தைக் காட்டும் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று இது. அதே நூலில் ஒரு கதையும் உண்டு. ஈஸா நபியின் தலையை மூடியதாகக் கருதப்பட்ட துணிக்கு இரு தரப்பார் உரிமை கொண்டாட, சரசேனியரின் மன்னன் 'மாவியாஸ்' நடுவராக அமர்ந்து துணியை நெருப்பிலிடச் செய்கிறான். அது எரியாமல் எழுந்து பறந்து ஒரு தரப்பார் மேல் இறங்குகிறது. மாவியாஸ் என்பது முஆவியா (ரலி) அவர்களே. தொழுகையிடத்தின் அளவு சொல்லும் பக்கமும், நெருப்பில் எரியாத துணியின் பக்கமும் ஒரே கையால் எழுதப்பட்டவை. அயோனாத் தீவின் துறவி ஒருவர் ஹிஜ்ரி 60இல் மறைந்த கலீஃபாவை நடுநிலை தவறாத நீதிபதியாகக் கண்டிருக்கிறார் என்பது, அக்கதையிலிருந்து நாம் பெறக்கூடிய வரலாறு.

நாகூர் நாயகம் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் (ரஹ்) வரலாற்றுக்கும் இதே பார்வை பொருந்தும். அவர்கள் 16ஆம் நூற்றாண்டினர். அவர்கள்மீது சேகனாப் புலவர் பாடிய திருக்காரணப் புராணம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. குலாம் காதிறு நாவலரின் உரைநடை நூலான கன்சுல் கராமாத்து அதற்கும் பிற்பட்டது. நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலின் மாலுமிகள் முறையிட, முடி திருத்திக்கொண்டிருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை எறிய, அது சென்று ஓட்டையை அடைத்த கதையைக் கேளாத தமிழ் முஸ்லிம் குடும்பம் குறைவு. அதனை நபிமொழியை ஆராய்வதுபோல் ஆராய்ந்தால் அறிவிப்பாளர் தொடர் கிடைக்காது. மறுத்து ஒதுக்கினாலோ, ஆண்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருந்த மரக்காயர் வீடுகளின் அச்சம் நமக்குத் தெரியாமல் போகும். பரமதத்தன் கப்பலேறிய காரைக்கால் நாகூருக்கு அண்டை ஊர்தான். ஒரே கடற்கரை இரு சமயத்தாருக்கும் கப்பல் கதைகளை வழங்கியிருக்கிறது.

முஃஜிஸாத்தை நபிமார் வெளிப்படுத்துவது கடமை. கராமத்தை வலிமார் மறைத்துக்கொள்வதே பண்பு என்று இமாம் குஷைரி (ஹிஜ்ரி 465) தம் ரிஸாலாவில் எடுத்துரைத்த கருத்தை இங்கு நினைவுகூரலாம். மறைக்க விரும்பியவரின் வாழ்வில் மறைக்கப்பட்டதையே மிகுதியாகப் பேசுவது பின்வந்தோர் வழக்கம். பாட்ரிக் தம் குறைகளை எழுதினார். பின்வந்தோர் வெற்றிகளை எழுதினர். அம்மையார் தம்மைப் பேய் என்றார். பின்வந்தோர் அழகியாக இருந்தவர் என்றனர். ராபியா (ரஹ்) அவர்களின் மிகப் பழைய சொற்கள் பெரும்பாலும் கடிந்துரைகளாகவே உள்ளன.

எனினும், பிந்தியது எல்லாம் கட்டுக்கதை, முந்தியது மட்டுமே வரலாறு என்று அளவுகோல் வைப்போருக்கும் திருவாலங்காடு ஒரு தடை வைத்திருக்கிறது. அதனை அடுத்த பழையனூரில் நீலி கதை வழங்குகிறது. வஞ்சத்தால் கொலையுண்ட பெண் பேயாகி வந்து, தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்குகிறாள். அவனுக்குப் பாதுகாப்பு உறுதியளித்த வேளாளர் எழுபதின்மர் சொல் தவறியதற்காகத் தீயில் இறங்குகின்றனர். இதன் விரிந்த வடிவங்கள் பிற்காலத்தவை. ஆனால், வஞ்சகமாக ஒருவன் உயிரைக் கொண்ட ஒருத்தியின் செய்தியைத் திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே பழையனூரோடு சேர்த்துக் குறிக்கிறார். அதாவது 7ஆம் நூற்றாண்டிலேயே அக்கதை அவ்வூரில் வழங்கியது. எழுத்துக்கு வந்தது மட்டுமே பின்னர். பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடு 1905இல் வெளிப்பட்டது. மொத்தம் 31 ஏடுகள். அதன் வடமொழிப் பகுதி, கோயிலுக்குரிய ஊரைச் சொல்வதற்கு முன் சோழர் குலத்தைக் கதிரவனிலிருந்து தொடங்கி மனு, சிபி வழியாகக் கொண்டுவருகிறது; தமிழ்ப் பகுதி அவ்வூரின் எல்லைகளைச் சுற்றிவந்து வரையறுக்கிறது.

சம்பந்தர் திருவாலங்காட்டை அணுகியபோது, அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி ஊருக்கு வெளியே தங்கினார் என்று சேக்கிழார் கூறுகிறார். சம்பந்தரின் பதிகத்தில் அந்தத் தயக்கம் இல்லை. ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. மக்கள் வீட்டு மாடங்களிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கின்றனர். திருவாலங்காட்டின் இரத்தின சபையில், ஆடும் காலின் அருகே, அம்மையார் பாட்டில் வரும் அதே வற்றிய உருவில் அமர்ந்திருக்கிறார்.